ஒன்றாகக் கொட்டினேன்

எங்கள் வீட்டுக் குப்பையை என் மனைவி பிரித்து வைப்பாள். நான் கலந்து கொட்டுவேன். பல வருஷம் இப்படித்தான் நடந்தது. சமையல்கட்டில் பச்சை வாளி ஒன்று, நீல வாளி ஒன்று. காய்த்தோல், மிஞ்சின சோறு, காப்பிச் சக்கை எல்லாம் பச்சையில்; பால் கவர், அட்டை, பாட்டில் நீலத்தில். காலையில் குப்பை வண்டி வந்ததும் கீழே கொண்டு போவது என் வேலை. மாடிப்படித் திருப்பத்தில் நின்று நீல வாளியைப் பச்சை வாளிக்குள் கவிழ்ப்பேன். ஒரே வாளியாகக் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வந்துவிடுவேன். இரண்டைத் தூக்கச் சோம்பல். வேறு காரணம் எதுவும் கிடையாது.

ஒருநாள் மனைவி பார்த்துவிட்டாள். "எப்படியும் வண்டியில ஒண்ணாத்தான போகுது, வெள்ளலூர்ல போயி எல்லாம் ஒரே மேடுதான்" என்றேன். அவள் ஒன்றும் பேசவில்லை. மறுநாளும் பிரித்துத்தான் வைத்தாள். நான் அந்த வண்டிக்குள் எட்டிப் பார்த்ததில்லை, கோவைக் குப்பை போய்ச் சேரும் வெள்ளலூர் கிடங்குப் பக்கம் போனதும் இல்லை. யாரோ டீக்கடையில் சொன்னதை நிஜம் என்று வைத்துக்கொண்டேன். அது எனக்கு வசதியாக இருந்தது.

இந்த வருஷங்களில்தான் நான் சுற்றுச்சூழல் பற்றி மேடைகளில் பேசிக்கொண்டும் இருந்தேன். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை வந்தது. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் தொடங்கியது. தோளில் துணிப்பையோடு கல்லூரிகளுக்குப் போவேன். மக்கும் குப்பை, மக்காத குப்பை, வீட்டு அபாயக் கழிவு என்று மூன்றாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் சொன்னதைப் பிள்ளைகளுக்கு விளக்குவேன். கை தட்டுவார்கள். அன்று காலையிலும் மாடிப்படித் திருப்பத்தில் வாளியைக் கவிழ்த்துவிட்டுத்தான் வந்திருப்பேன். இதை எழுதும்போது கை கூசுகிறது.

தெரியாமல் செய்தேன் என்று சொல்ல வழியில்லை. பல்லடத்துப் பக்கம் தோட்டத்தில் வளர்ந்தவன் நான். அரிசி கழுவின தண்ணியும் காய்த்தோலும் கழுநீர்த் தொட்டிக்குப் போய் மாட்டு வயிற்றுக்குள் இறங்கும். சாணமும் கூளமும் எருக்குழிக்கு. மழை இறங்குவதற்கு முன்னால் அந்த எருவை வண்டி வண்டியாகக் காட்டுக்கு அடிப்பார்கள். சமையல்கட்டில் மிஞ்சின எதுவும் எங்கள் தோட்டத்து எல்லையைத் தாண்டிப் போனதாக எனக்கு நினைவில்லை. குழியில் ஒரு கண்ணாடிச் சில்லு கிடந்துவிட்டால் அப்பாவுக்கு வரும் கோபத்தை இப்போதும் கேட்கிறேன்: "எருவுல சில்லு கெடந்தா உழுகறவன் காலக் கிழிச்சுப் போடும்டா!" குப்பை இன்னொருவர் கைக்கும் காலுக்கும்தான் போய்ச் சேர்கிறது என்ற பாடம் எனக்குப் பள்ளிக்கூடம் போகும் முன்பே கிடைத்துவிட்டது. நகரத்துக்கு வந்ததும் அதை விட்டேன்.

என்னை நிறுத்தியது எந்தப் புத்தகமும் இல்லை. குப்பை வாங்க வரும் அம்மாதான். ஒரு காலை வேளை, வலது கை ஆட்காட்டி விரலில் கிழிசல் துணியைச் சுற்றிக்கொண்டு நின்றார். துணியில் ரத்தம் ஊறியிருந்தது. "ஏனுங்ண்ணா, நேத்து உங்கூட்டு வாளில டம்ளர் சில்லுங்ளா கெடந்துச்சு?" என்று கேட்டார். முந்தின நாள் உடைந்த டம்ளரை அள்ளிச் சோற்றுக்குள் போட்டவன் நான். எங்கே கிழித்தது என்று பார்த்தேன். வண்டிக்குப் பின்னால் சாக்கு கட்டித் தொங்கியது. நான் கலந்து கொட்டியதை அவர் வெறும் கையால் கிளறி, புளித்த சோற்றுக்குள்ளிருந்து பால் கவரையும் பாட்டிலையும் பொறுக்கி அந்தச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தார். தினமும் அப்படித்தானாம். "காயிதத்துல சுத்தித் தனியாக் குடுத்தீங்கன்னாப் போதுமுங்" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

வண்டியில் எல்லாம் ஒன்றாகப் போகிறது என்று நான் சொன்னது பொய். எங்கள் தெருவில் பிரித்துத்தான் போனது. நான் செய்யாத வேலையை ஒரு பெண் தன் விரல்களால் செய்துகொண்டிருந்தார்.

அதற்குப் பிறகுதான் வெள்ளலூர் போனேன். 1842-ல் ரோமானிய வெள்ளிக் காசுகள் புதையலாகக் கிடைத்த ஊர் அது. கொங்கு வணிகத்தின் பழமைக்கு வரலாற்று ஆசிரியர்கள் இன்றும் அதைச் சான்று காட்டுகிறார்கள். இன்று கோவைக்காரர்கள் வெள்ளலூர் என்றால் மூக்கைத்தான் பிடிக்கிறார்கள். கிடங்கு இருக்கும் நிலம் சுமார் 650 ஏக்கர். கோணவாய்க்கால்பாளையம், போத்தனூர் பக்கத்து வீடுகளில் சாப்பிட உட்கார்ந்தால் தட்டில் ஈ மொய்க்கிறது. அந்த மக்கள் பல வருஷமாகப் போராடுகிறார்கள், பசுமைத் தீர்ப்பாயம் வரை போயிருக்கிறார்கள். 2024 ஏப்ரலில் அங்கே பிடித்த தீ நாள்கணக்கில் அணையவில்லை. வீட்டைப் பூட்டிக்கொண்டு புகைக்குள் கிடந்தார்கள் குழந்தைகளோடு.

அந்தத் தீயில் என் வாளிக்கும் பங்குண்டு. ஈரக் குப்பை பிளாஸ்டிக்கோடு சேர்ந்து மேடாக அமுங்கும்போது உள்ளே காற்று போகாது. காற்றில்லாமல் அழுகினால் மீத்தேன் வரும். நூறு வருஷக் கணக்கில் பார்த்தால் கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும் வாயு அது. எளிதில் பற்றிக்கொள்ளவும் செய்யும். வெயில் காலத்தில் ஒரு பொறி போதும். அதே காய்த்தோல் காற்றோட்டமாக மக்கினால் எருவாகிவிடும். நம் ஊர்க் குப்பையில் ஏறக்குறைய பாதி இந்த ஈரக் குப்பைதான்.

இப்போது மொட்டை மாடியில் ஓட்டை போட்ட இரண்டு மண்தொட்டிகள் இருக்கின்றன. முதல் தொட்டி நாறிப்போய்ப் புழு வைத்தது, ஈரம் அதிகம். பொள்ளாச்சிப் பக்கம் மலையாகக் குவிந்து கிடக்கும் தென்னை நார்க்கழிவை ஒரு கை அள்ளி ஒவ்வொரு நாளும் மேலே தூவ ஆரம்பித்ததும் நாற்றம் நின்றது. அந்த நார்க்கழிவையே எருவாக்கும் முறையை இதே ஊரில் இருக்கும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் எப்போதோ கண்டுபிடித்துச் சொல்லிவிட்டது. கேட்கத்தான் நான் போகவில்லை. இரண்டு மாதத்தில் தொட்டியில் கறுப்பாக, மழை பெய்த காட்டு வாசத்தோடு எரு கிடக்கிறது. கறிவேப்பிலைக்குப் போடுகிறோம்.

மற்றவற்றில் நான் இன்னும் தேறவில்லை. ஏசி ஓடுகிறது, நடக்கிற தூரத்துக்கும் பல நாள் காரை எடுக்கிறேன். அவற்றுக்கும் கைவசம் காரணங்கள் வைத்திருக்கிறேன். முன்போல நம்ப முடியவில்லை.

இதைப் படிக்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். தொட்டி வைப்பது பிறகு இருக்கட்டும். நாளைக் காலை குப்பை கொடுக்கும்போது கண்ணாடிச் சில்லையும் பிளேடையும் தடித்த காகிதத்தில் சுற்றி, ஊசியை மூடியுள்ள டப்பாவில் போட்டு, நாப்கினைத் தனியாகப் பொதிந்து, இன்னதென்று சொல்லிக் கையில் கொடுங்கள். வாங்குகிறவர் கையில் உறை இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லையென்றால் ஒரு ஜோடி வாங்கிக் கொடுங்கள்.