வகுப்பைத் தூக்கிப் பிடிப்பவர்கள்

இணையவழி முதுமாணி வகுப்பொன்றில் இரண்டு தலைமைகள் உண்டு. ஒன்று பல்கலைக்கழகம் எழுதித் தருவது: கற்கைநெறி இணைப்பாளர், விரிவுரையாளர், வகுப்புப் பிரதிநிதி, குழுத் தலைவர். மற்றது எந்த நியமனக் கடிதத்திலும் இல்லாதது. வகுப்பு தொடங்கிச் சில கிழமைகளில் தானாக எழும்பி வருவது. கல்வி முகாமைத்துவம் கற்பிக்கும் எனக்கு அனுபவம் உறுதியாகச் சொல்லித் தந்த பாடம் இதுதான்: முதலாவது தன் கடமையை ஒழுங்காகச் செய்தால்தான் இரண்டாவது நல்லபடி வளரும். முதலாவது கைவிட்ட இடத்தில் வளர்வதைத் தலைமை என்று நாம் பாராட்டுவதுண்டு. உண்மையில் அது யாரோ ஒருவர் தலையில் விழுந்த சம்பளமில்லாத வேலை.

கொழும்பு, கொம்பனித்தெருவில் ஓர் ஒழுங்கைக்குள் இருக்கும் வீட்டின் மேல்மாடியிலிருந்து சனி, ஞாயிறுகளில் வகுப்பு எடுக்கிறேன். திரையில் வருகிறவர்கள் பள்ளிவிட்டு நேரே வந்த பிள்ளைகளல்ல. யாழ்ப்பாணத்து அதிபர், மட்டக்களப்பு ஆசிரிய ஆலோசகர், இலங்கைக் கல்வி நிர்வாக சேவை அதிகாரி, ஹட்டன் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஆசிரியை, குருநாகலிலிருந்து வரும் சிங்கள நண்பர். ஆட்களோடு அவர்களுடைய பதவிகளும் வகுப்புக்குள் வந்துவிடுகின்றன. கல்விப் பணிப்பாளர் ஒருவர் கருத்துச் சொன்னால், அவருடைய வலயத்து ஆசிரியர் "சேர் சொன்னதுதான் சரி" என்று தன் மைக்கை அணைத்துக்கொள்வார். குழுத் தலைவரைத் தெரிவு செய்யுங்கள் என்றால் ஒரு நிமிடத்தில் காரியம் முடிந்துவிடும். வயதும் சேவைத் தரமும் அந்தத் தெரிவை முன்பே செய்து வைத்திருக்கும்.

இதில் ஆத்திரப்பட எதுவுமில்லை. நம் பாடசாலைகள் அப்படித்தான் இயங்குகின்றன. ஆனால் இணைய வகுப்புக்குத் தேவையான வேலைகளைப் பதவி மட்டும் செய்து முடிக்காது. அல்பேர்ட்டா பல்கலைக்கழகத்தில் கரிசன், அண்டர்சன், ஆர்ச்சர் என்ற மூவர் 2000ஆம் ஆண்டில் ஒரு சட்டகத்தை முன்வைத்தார்கள். அறிவுசார் இருப்பு, சமூக இருப்பு, கற்பித்தல் இருப்பு என்ற மூன்றும் கூடினால்தான் இணையத்தில் கற்கும் சமூகம் உருவாகும் என்பது அவர்கள் வாதம். அதில் என்னைக் கவர்ந்தது மூன்றாவது. பாடத்தை வடிவமைப்பது, கலந்துரையாடலை நடத்திச் செல்வது, நேரடியாகச் சொல்லிக்கொடுப்பது ஆகிய பணிகள் ஆசிரியருக்கு மட்டும் உரியவை என்று அவர்கள் வரையறுக்கவில்லை. பங்குபற்றும் எவரும் அவற்றைச் செய்யலாம். என் வகுப்புகளில் செய்தும் இருக்கிறார்கள்.

2020 மார்ச்சில் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டபோது, அவற்றை இணைக்கும் லேர்ன் வலையமைப்பு வழியாக சூம் கிடைத்தது. பல்கலைக்கழகக் கற்றல் தளங்களுக்கு டேட்டாக் கட்டணம் இல்லாமல் செய்தார்கள். வாசல் திறந்தது. உள்ளே வகுப்பை வகுப்பாக வைத்திருந்தவர்கள் யார் என்பது 2022இல்தான் எனக்குத் தெளிவாகப் புரிந்தது.

அந்த ஆண்டு மார்ச் கடைசியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை போனது. நாடு முழுவதும் ஆங்கில எழுத்துகளால் குறித்த வலயங்களாகப் பிரிக்கப்பட்டிருந்தது. தன் வீடு எந்த எழுத்தில் வருகிறது என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஐந்து பேர் கொண்ட குழுவொன்றில் ஐவரும் வெவ்வேறு எழுத்துகளில் இருந்தார்கள். ஒருவருக்குக் கரண்ட் வரும்போது மற்றவருக்குப் போய்விடும். குழு ஒப்படை நடுவழியில் நின்றது.

அந்தக் குழுவில் இருந்த தோட்டப் பாடசாலை ஆசிரியை ஒரு சீ.ஆர். கொப்பியை எடுத்துக் கோடு போட்டார். இடப்பக்கம் ஐவரின் பெயர்கள், மேலே மாலை ஐந்து மணி முதல் நள்ளிரவு வரை அரை மணிக்கு ஒரு கட்டம். யாருக்கு எப்போது கரண்ட் இல்லையோ அந்தக் கட்டத்தைப் பென்சிலால் நிரப்பினார். ஐந்து வரிசையிலும் வெள்ளையாக மிஞ்சும் நேரத்தைச் சிவப்பால் வட்டமிட்டுப் படமெடுத்துக் குழுவின் வாட்ஸ்அப்பில் போட்டார். அட்டவணை மாறும் நாளெல்லாம் புதிய பக்கம். வாசிக்க வேண்டிய ஆங்கிலக் கட்டுரைகளைத் தமிழில் சுருக்கிக் குரல் பதிவாகவும் அனுப்பினார். டேட்டா வீணாகக் கூடாதென்று ஒவ்வொன்றும் மூன்று நிமிடத்துக்குள். குருநாகல் நண்பருக்கு அதையே எளிய ஆங்கிலத்தில் நாலு வரியாக எழுதிப் போட்டார்.

அந்த வாட்ஸ்அப் குழுவில் நான் இல்லை. விரிவுரையாளர் இருக்கவும் கூடாது என்பது என் கருத்து. எனக்கு இது தெரிய வந்தது பிரதிபலிப்புக் குறிப்பேட்டின் வழியாக. ஒவ்வொரு கிழமையும் எல்லோரும் எழுதும் அந்தக் குறிப்பேட்டின் கடைசிக் கேள்வி: "இந்தக் கிழமை யாரால் உங்கள் வேலை இலேசானது?" மற்ற நால்வரும் அவருடைய பெயரை எழுதியிருந்தார்கள். அவர் மட்டும் குழுத் தலைவரான அதிபரின் பெயரை எழுதியிருந்தார்.

அவரை அழைத்து, உங்களையே இணைத் தலைவர் என்று அறிவிக்கட்டுமா என்று கேட்டேன்.

"வேணாம் மிஸ். சேரே இருக்கட்டும். அவரு கேட்டாத்தான் ஒஃபிஸ்ல திகதி மாத்துவாங்க. எனக்கு வேலை நடந்தாப் போதும்."

மறுப்புக்குள் நல்ல கணிப்பு இருந்தது. ஒப்படைத் திகதியைத் தள்ளிவைக்கும்படி இணைப்பாளருக்குக் கடிதம் எழுதியவர் அந்த அதிபர்தான். எப்படி எழுத வேண்டும், யாருக்குப் பிரதி அனுப்ப வேண்டும் என்று அவருக்குத் தெரியும். முறையான தலைமைக்கு வாசல் திறக்கும் வலு உண்டு. முறைசாராத் தலைமைக்கு உள்ளே ஒவ்வொருவரும் எங்கே தடுக்கி நிற்கிறார் என்று தெரியும். அந்தக் குழு தப்பியது இரண்டும் ஒன்றையொன்று மதித்ததால்.

என் பங்கு என்ன? பெயர் சூட்டாமல், சுமையைக் குறைப்பது. கற்கைநெறிக் கூட்டத்தில் பேசி எல்லாக் குழுக்களுக்கும் ஒரே புதிய திகதியை அறிவிக்கச் செய்தேன். அடுத்த கிழமையிலிருந்து ஒவ்வொரு வாசிப்புக்கும் தமிழ், சிங்களச் சுருக்கம் தளத்திலேயே கிடைக்க ஏற்பாடானது. நேரலை வகுப்புகளின் ஒலிப்பதிவைச் சிறிய கோப்பாகப் பதிவேற்றினோம். அந்த ஆசிரியை இரவில் செய்துகொண்டிருந்த வேலையில் பாதி, நியாயப்படி நிறுவனம் செய்ய வேண்டிய வேலை. அதை நாம் எடுத்துக்கொண்ட பிறகுதான் அவர் விவாதங்களில் தன் சொந்தக் கருத்தை எழுதத் தொடங்கினார். தோட்டப் பாடசாலைகளில் மாணவர் வரவு பற்றி அவர் எழுதிய பதிவுதான் அந்தப் பருவத்தின் மிக நீண்ட விவாதத்தைக் கிளப்பியது.

எங்கள் ஒழுங்கையில் சீட்டுப் பிடிக்கும் அக்கா ஒருவர் இருக்கிறார். பதிவில்லை, ரசீதில்லை; ஆனாலும் மலாய், தமிழ், சோனக, சிங்கள வீடுகள் எல்லாம் அவருடைய சொல்லை நம்பிக் காசு கொடுக்கின்றன. யாருக்கு எப்போது அவசரம் என்று அறிந்து முறையை மாற்றிக் கொடுப்பார். வகுப்பில் எழும்பும் தலைமையும் இந்த வகை. நம்பிக்கையைச் சிறுகச் சிறுகச் சேர்த்துத்தான் அது நிற்கிறது. அதனாலேயே அது எளிதில் சுரண்டப்படும்.

முறைசாராத் தலைமை எப்போதும் நன்மைக்கே என்று நம்பவும் கூடாது. முகாமைத்துவம் படிக்கும் எல்லோரும் ஹோதோர்ன் ஆய்வுகளைப் படிப்பார்கள். சிக்காகோவுக்குப் பக்கத்தில் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் தொழிற்சாலையில் 1931, 1932இல் 14 தொழிலாளரை ஓர் அறையில் வைத்துக் கவனித்தார்கள். ஒரு நாளில் எவ்வளவு செய்வது சரி என்பதை அவர்களே தங்களுக்குள் தீர்மானித்திருந்தார்கள். கூடச் செய்தவனைக் கேலி செய்தார்கள். தோளில் குத்தும் விழுந்தது. இணைய வகுப்பின் வாட்ஸ்அப்பிலும் இதே சட்டம் எழும்பலாம். முந்திக்கொண்டு பதிவிட்டவரிடம் "எங்களை மாட்டிவிடாதீங்க" என்பார்கள். போன வருட விடைகளைச் சுற்றுக்கு விடுபவர் செல்வாக்குப் பெறுவார். இப்படியான காற்று வீசுவது தளத்தின் பதிவுகளில் தெரிந்துவிடும்: எல்லோரும் கடைசி இரவில், ஒரே நீளத்தில், ஒரே உதாரணத்தோடு எழுதுவார்கள். அப்போது ஆளைத் தேடிப் பிடிப்பதில் பயனில்லை. கேள்வியை மாற்ற வேண்டும். உங்கள் பாடசாலையில் நடந்ததை வைத்து மட்டுமே விடை எழுதக்கூடிய கேள்வியைக் கொடுத்தால் பழைய விடைக்கு மதிப்பில்லாமல் போகும்.

இவற்றிலிருந்து என் வழக்கங்கள் உருவாயின. முதல் இரண்டு கிழமை நான் நிறைய எழுதுகிறேன். ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைத்து, ஒருவர் பதிவை இன்னொருவர் பதிவோடு கோத்துக் காட்டுகிறேன். பிறகு வேண்டுமென்றே தாமதிக்கிறேன். கேள்வி வந்ததும் நான் பாய்ந்து விடை சொன்னால், விடை தெரிந்த வேறொருவர் பேச மாட்டார். ஆனால் திகதி, புள்ளி, கருத்துத் திருட்டு, ஒருவரை ஒருவர் அவமதிப்பது ஆகியவற்றில் ஒரு நாள்கூடத் தாமதிப்பதில்லை. அவை என் நாற்காலியின் வேலை. மாணவரிடம் தள்ளிவிடக் கூடாதவை.

தொகுத்து எழுதுபவர், எதிர்க்கேள்வி கேட்பவர், நேரம் பார்ப்பவர் என்ற பொறுப்புகளைக் கிழமைக்குக் கிழமை சுழற்றுகிறேன். பணிப்பாளர் நேரம் பார்க்க, இளம் ஆசிரியை தொகுத்துப் பேசும் கிழமையில் வகுப்பின் முகமே மாறும். சுழற்சி இல்லாவிட்டால் தொகுக்கும் வேலை ஏறக்குறைய எப்போதும் ஒரு பெண்ணிடம் போய்ச் சேர்கிறது; அறிக்கையை வாசிக்கும் வேலை ஓர் ஆணிடம். சகபாடிகளுக்கு உதவியதற்கும் மதிப்பீட்டில் இடம் வைத்திருக்கிறேன், குறிப்பேடுகளில் மற்றவர்கள் எழுதியதை ஆதாரமாகக் கொண்டு.

என் மாணவர்கள் தங்கள் இடங்களில் தலைவர்கள். ஆகவே கடைசி ஒப்படையில், தங்கள் பாடசாலையின் பெயரில்லாத் தலைவர் ஒருவரை இனங்கண்டு, அவர் சுமப்பவற்றில் எது பாடசாலையின் கடமை என்று பிரித்து எழுதச் சொல்கிறேன். ஒருமுறை ஓர் அதிபர், தன் ஆசிரியை ஒருவர் பத்து வருடமாகச் சொந்தக் காசில் படியெடுத்து வந்த வினாத்தாள்களின் செலவை அபிவிருத்திச் சங்கத்தின் கணக்குக்கு மாற்றியதாக எழுதினார். விரிவுரைகளில் பல நாள் நான் சொல்ல முயன்றதை அந்த ஒரு செலவுக் கணக்கு சொல்லிவிட்டது. பதவியில் இருப்பவர் முதலில் செய்ய வேண்டியது, யார் எதைச் சுமக்கிறார் என்று கேட்டறிவது. இரண்டாவது, அதில் தன் பங்கைத் திரும்ப எடுத்துக்கொள்வது.