டீச்சர், முடி பூடுமா?



வழக்கமாகக் கோயில் படமும் பழைய வகுப்புப் படமும் போடுகிற நான் இன்று வேறொன்று எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான். ஆண்பிள்ளைகளும் விடாமல் படியுங்கள். உங்கள் வீட்டிலும் அம்மா, அக்கா, மனைவி இருக்கிறார்கள்.

போன வாரம் ஒரு போன் வந்தது. இருபது வருஷத்துக்கு முன் என்னிடம் எட்டாம் வகுப்பு படித்தவள். இப்போது புருஷனும் பெண்டாட்டியுமாக வீட்டிலேயே தறி போட்டுப் பிழைக்கிறார்கள். மார்பில் கட்டி, ஆபரேஷன் முடிந்துவிட்டது, அடுத்து கீமோ என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். எல்லாவற்றையும் தைரியமாகச் சொன்னவள் கடைசியில் குரலைத் தாழ்த்தினாள்.

“டீச்சர், முடி பூடுமா?”

“போகும்மா. ஆனா திரும்ப வரும்.”

“தை மாசம் நாத்தனார் பொண்ணு கல்யாணம். அது முடிஞ்சப்புறம் கீமோ ஏத்திக்கலாமான்னு பாக்கறேன்.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கல்யாணத்துக்கு மூன்று மாதம் இருக்கிறது. கட்டிக்குப் பயப்படாதவள் கல்யாணக் கூட்டத்துக்குப் பயப்படுகிறாள். அவளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. ஏனென்றால் 2018இல் நானும் இதே கேள்வியைத்தான் டாக்டரிடம் முதலில் கேட்டேன். அவளிடம் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். “பேரு போடாம எழுதுங்க டீச்சர், மத்தவங்களுக்கும் ஆவும்” என்றாள்.

என் முடியைப் பற்றி உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. இடுப்புக்குக் கீழே தொங்கும் ஒற்றை ஜடை. நீங்கள் எனக்கு வைத்த பட்டப்பெயர் ‘ஜடை டீச்சர்’. எனக்குத் தெரியாது என்றா நினைத்தீர்கள்? 2016இல் ஓய்வு பெற்று இரண்டு வருஷம் நிம்மதியாக இருந்தேன். பிறகு வந்தது இது. ஆபரேஷன் முடிந்து தையல் ஆறியதும், 21 நாளுக்கு ஒரு முறையாக நான்கு தடவை சிவப்பு மருந்து, அதன் பிறகு வாரம் ஒன்றாகப் பன்னிரண்டு என்றார் டாக்டர். பஸ் ஏறி ஆரணி, அங்கிருந்து கண்ணமங்கலம் வழியாக வேலூர். அந்த வழியில் போகும்போதெல்லாம் ஜன்னலோரம் உட்கார்ந்து ஜடையை மடியில் எடுத்து வைத்துக்கொள்வேன்.

ஏன் முடி கொட்டுகிறது? எட்டாம் வகுப்பில் செல் பிரிதல் நடத்தினேனே, அதேதான். புற்று செல் வேகமாகப் பிரியும். வேகமாகப் பிரிகிற செல்லைத் தேடி அடிப்பதுதான் அந்த மருந்துகளின் வேலை. நம் தலையில் ஏறக்குறைய ஒரு லட்சம் முடி. அதில் பத்துக்கு ஒன்பது எந்நேரமும் வளர்ந்துகொண்டே இருக்கிறது. ஆக, முடியின் வேரிலும் செல்கள் வேகமாகப் பிரிகின்றன. மருந்துக்கு எதிரி யார், வீட்டு ஆள் யார் என்று தெரியாது. வாய்ப்புண்ணும் வயிற்றுக் கோளாறும் வருவதும் இதனால்தான். ஆனால் வேர் பெரும்பாலும் சாவதில்லை, வேலையை நிறுத்தி வைக்கிறது, அவ்வளவுதான். எல்லாக் கீமோவிலும் முடி போகும் என்றும் இல்லை. சில மருந்துகளில் முழுதாகப் போகும், சிலவற்றில் மெலியும், சிலவற்றில் ஒன்றுமே ஆகாது. உங்களுக்கு எது என்று டாக்டரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

முடியைக் காப்பாற்ற வழியே இல்லையா? பெங்களூரில் இருக்கும் என் மகன் தேடிப் பார்த்து, குளிர்தொப்பி என்று ஒன்று இருப்பதாகச் சொன்னான். மருந்து ஏறும் முன்பே, ஏறும்போதும், ஏறி முடிந்து ஒன்றரை மணி நேரம் வரைக்கும் தலையைச் சில்லென்று வைத்திருக்கும் தொப்பி. குளிரில் தலைத்தோலின் ரத்தக் குழாய்கள் சுருங்கும். வேருக்குப் போகும் மருந்தும் குறையும். 2017இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், மார்பகப் புற்றுக்குக் கீமோ எடுத்தபோது இதைப் போட்டுக்கொண்ட 95 பெண்களில் 48 பேருக்கு முடி பெரும்பாலும் தங்கியது. போடாத 47 பேரில் ஒருவருக்கும் தங்கவில்லை. ஆக, பாதிக்குப் பாதி. நான் எடுத்த சிவப்பு மருந்துக்கு இது அவ்வளவாகப் பலிக்காது, வேறு சில மருந்துகளுக்கு நன்றாகப் பலிக்கும். ரத்தப் புற்றுக்கு இதைப் போடுவதில்லை. நான் போன இடத்தில் அந்த வசதி இல்லை. இப்போது பெரிய நகரங்களில் சில ஆஸ்பத்திரிகளில் இருக்கிறது, செலவு தனி. முதல் கீமோவுக்கு முன்பே கேட்டால்தான் உண்டு, பாதியில் கேட்டுப் பயனில்லை.

எனக்கு அது இல்லை என்றானதும் ஒரு நர்ஸ் சொன்ன வார்த்தைதான் உதவியது: “அம்மா, அது கொட்டறதுக்கு முன்னாடி நீங்களே கொஞ்சம் கொஞ்சமா விட்டுடுங்க.”

அன்று சாயங்காலம் என் வீட்டுக்காரரிடம் கத்திரிக்கோலைக் கொடுத்தேன். அவர் பேச்சு குறைந்த மனுஷர், உங்களுக்குத் தெரியும். தறியை நிறுத்திவிட்டு வந்தார். பட்டு நூல் ஒரு இழை எடுத்து ஜடையின் மேல்முனையைக் கட்டினார், கீழ்முனையைக் கட்டினார். “பாவை அறுக்கறதுன்னாலும் கட்டிட்டுத்தான் அறுக்கணும், இல்லன்னா சிக்காயிடும்” என்றார். வெட்டினார். பிறகு தறிக்குப் போய் உட்கார்ந்தார். அன்றிரவு வெகுநேரம் தறிச் சத்தம் கேட்கவில்லை.

பதினேழாம் நாள் தலையணையில் கொத்துக் கொத்தாகக் கிடந்தது. அதற்கு முன் இரண்டு நாள் தலைத்தோல் தொட்டால் வலிக்கும், இழுத்துக் கட்டிய கொண்டையை அவிழ்த்தது போல. அது வந்தால் முடி கிளம்பப் போகிறது என்று அறிந்துகொள்ளுங்கள். மகன் வந்து தாடி டிரிம்மரைச் சுத்தம் செய்து ஒட்ட வெட்டிவிட்டான். பிளேடு போட்டு மழிக்க வேண்டாம் என்று ஆஸ்பத்திரியில் முன்பே எச்சரித்திருந்தார்கள். அந்த நாட்களில் ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும். சின்னக் கீறல்கூடச் சீழ் வைத்துவிடும்.

இங்கேதான் சொல்லக் கூச்சமான ஒன்றைச் சொல்லப் போகிறேன்.

முக்காடு போட்டுக்கொண்டு ஆரணி பஸ் ஸ்டாண்டில் நின்றேன். காற்றில் சேலை விலகியது. அம்மா இடுப்பில் இருந்த ஒரு குழந்தை, “பாட்டி, திருப்பதிக்குப் போனீங்களா?” என்றது. சிரித்துவிட்டு “ஆமா கண்ணு” என்றேன். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் ஒரு முகம் ஞாபகம் வந்தது. 1994 ஜூன், பள்ளி திறந்த நாள். ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி ஒட்ட வெட்டிய தலையோடு வந்து நின்றாள். இரட்டை ஜடை, ரிப்பன் என்பதில் நான் எவ்வளவு கறார் என்று உங்களுக்குத் தெரியும். வகுப்பு முழுக்கக் கேட்கும்படி, “ஏன், ஆம்பளைப் பசங்க பெஞ்சுல போயி உக்காரேன்” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவள் மூன்று நாள் வரவில்லை. நான்காம் நாள் அவள் அம்மா வந்து சொன்னார், லீவு முழுக்க டைபாய்டு, முடியெல்லாம் உதிர்ந்துவிட்டது, வேறு வழியில்லாமல் வெட்டினோம் என்று. “சரி, வரச் சொல்லுங்க” என்றேன். மன்னிப்புக் கேட்கவில்லை. டீச்சர் மன்னிப்புக் கேட்கும் வழக்கம் அப்போது கிடையாது.

அம்மாடி, நீ எந்த ஊரில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாய் என்று எனக்குத் தெரியவில்லை. இதை நீ படித்தாலும், யாராவது படித்துச் சொன்னாலும் சரி. நான் பேசியது தவறு. என்னை மன்னித்துவிடு.

இனி அவளுக்கு நான் போனில் சொன்னதை, எல்லோருக்கும் ஆகட்டும் என்று எழுதுகிறேன்.

மொட்டைத் தலைக்கும் பராமரிப்பு உண்டு. வெதுவெதுப்பான தண்ணீர், மிதமான ஷாம்பு, அதுவும் தினமும் வேண்டாம். நம் கனககிரி மலைமேல் ஈஸ்வரனுக்கு வெந்நீர் அபிஷேகம் செய்கிறார்களே, வேடன் கிழங்கு தோண்டும்போது தலையில் பட்ட காயத்துக்கு இதமாக என்பார்கள். குளிக்கும்போதெல்லாம் எனக்கு அதுதான் ஞாபகம். தோல் காய்ந்தால் தேங்காய் எண்ணெய் லேசாகத் தடவலாம். சூடு பறக்கத் தேய்ப்பது, சீயக்காய் போட்டுப் பரபரவென்று அலசுவது, சாம்பிராணிப் புகை எல்லாம் கொஞ்ச நாளைக்கு வேண்டாம். வெயிலில் போனால் தலையை மூடுங்கள்.

தலையணை உறை சொரசொரப்பாக இருந்தால் வலிக்கும். என் பழைய பட்டுச் சேலை ஒன்றில் ஜரிகை இல்லாத உடல்பகுதியை வெட்டி உறை தைத்துக்கொண்டேன். பட்டு நெய்கிற ஊரில் பிறந்ததற்கு அந்தச் சொகுசு. பழைய மல் வேட்டியில் தைத்த குல்லாயும் நல்லது.

டோப்பா வேண்டும் என்றால் முடி இருக்கும்போதே போய் அளவும் நிறமும் பார்த்து வாங்குங்கள். நான் ஒன்று வாங்கி இரண்டே தரம் போட்டேன். சித்திரை வெயிலுக்கு அது தாங்கவில்லை. போடுவது உங்கள் இஷ்டம், போடாததும் உங்கள் இஷ்டம்.

புருவமும் இமைமுடியும்கூடப் போகும், யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. மூக்கினுள் இருக்கும் முடியும் போவதால் மூக்கு ஒழுகிக்கொண்டே இருக்கும். கைக்குட்டை வைத்துக்கொள்ளுங்கள். கண்ணில் தூசு விழும், கண்ணாடி போடுங்கள்.

உறவுகளே, பார்க்க வரும்போது தைலமும் லேகியமும் கொண்டுவராதீர்கள். அன்பு புரிகிறது. ஆனால் கீமோ நடக்கும்போது டாக்டருக்குத் தெரியாமல் எதுவும் உள்ளே போகக் கூடாது. முடிக்கு நல்லது என்று விற்கும் பயோட்டின் மாத்திரை சில ரத்தப் பரிசோதனைகளின் முடிவையே மாற்றிக் காட்டும். அதற்குப் பதில் ஒரு தூக்கில் ரசஞ்சாதம் கொண்டுவாருங்கள். “ஐயோ, அந்த முடி எங்கே போச்சு” என்று வாசலில் நின்று சொல்லாதீர்கள்.

கீமோ முடிந்து இரண்டு மாதத்தில் எனக்குப் பூனைமுடி எட்டிப் பார்த்தது. பிறகு மாதத்துக்கு ஒரு செண்டிமீட்டர் கணக்கில் வளரும். வந்தது நரைத்து, சுருட்டையாக வந்தது! பிறந்ததிலிருந்து கம்பி மாதிரி முடி எனக்கு. வருஷம் போகப் போகச் சுருள் அவிழ்ந்தது. முதல் ஆறு மாதம் டை அடிக்க வேண்டாம். ஈர முடியைச் சீவ வேண்டாம். “நனைஞ்ச பட்டை யாராவது இழுப்பாங்களா, பலம் இருக்காது” என்று என் வீட்டுக்காரர் சீப்பைப் பிடுங்கி வைத்துவிட்டார். முடிக்கும் அதே நியாயம்தான். எனக்கு இன்னும் ஹார்மோன் மாத்திரை உண்டு. அதனால் முடி அடர்த்தி குறைவுதான், பழைய ஜடை இனி இல்லை. அதற்காக மாத்திரையை நிறுத்தவில்லை. சிலருக்கு, சில மருந்துகளால், முடி பழையபடி வராமலே போவதும் உண்டு. ஆறு மாதமாகியும் வரவில்லை என்றால் தோல் டாக்டரைப் பாருங்கள்.

வெட்டிய ஜடையை என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். டை அடித்த முடி என்பதால் தானம் கொடுக்க எடுக்கவில்லை. பீரோவில் இருக்கிறது, இரண்டு பக்கமும் பட்டு நூல் கட்டியபடி. 2019இல் கேரளாவில் திருச்சூர்ப் பக்கம் அபர்ணா லவகுமார் என்ற போலீஸ்காரர் புற்றுநோய்ப் பிள்ளைகளுக்காகத் தன் நீள முடி முழுவதையும் மழித்துக் கொடுத்ததைப் படித்திருப்பீர்கள். நீள முடி உள்ள என் மாணவிகள் யோசித்துப் பாருங்கள். சாயம் படாத முடியாக இருந்தால் நல்லது.

அந்தப் பெண்ணிடம் கடைசியாகச் சொன்னேன்: “கல்யாணத்துக்கு மொட்டைத் தலையோட போனா நாலு பேர் பேசுவாங்க, அரைமணி நேரம். கீமோ தள்ளிப் போனா எவ்ளோ நாள் போவும்னு உன் டாக்டரைக் கேளு.” கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “நீங்க கூட வருவீங்களா டீச்சர், கல்யாணத்துக்கு?” என்றாள்.

நேற்று முதல் கீமோ முடிந்தது. முதல்வர் காப்பீட்டு அட்டையில் சேர்த்துக்கொண்டார்களாம். முடியைத் தோள்வரைக்கும் வெட்டிவிட்டுத்தான் போனாள். இன்னும் இரண்டு வாரத்தில் டிரிம்மரோடு அவள் வீட்டுக்குப் போகிறேன். தை மாதம் கல்யாணத்துக்கு இருவரும் போவோம். அங்கே எங்களைப் பார்க்கிறவர்கள் பக்கத்தில் வந்து, “சாப்பிட்டீங்களா?” என்று மட்டும் கேளுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஜடை டீச்சர்,
தேவிகாபுரம்.