அம்மப்பாவின் கிற்றார்

அம்மப்பாவின் ஹவாய்க் கிற்றாரை நான் மாற்றியமைத்தது சரிதானா என்ற ஐயம் இன்னும் தீரவில்லை. மடியிற் கிடத்தி, உயர்ந்து நிற்கும் தந்திகளின்மேல் உருக்குத் துண்டை வழுக்கி வாசிக்கும் முறை அதனுடையது. 1880களின் இறுதியில் ஜோசப் கெகுகு என்னும் ஹவாய் மாணவன் அம்முறையை உருவாக்கினான் என்பர்; 1915ஆம் ஆண்டுச் சான் பிரான்சிஸ்கோக் கண்காட்சி அதனை அமெரிக்காவெங்கும் பரப்பிற்று.

விரலால் அழுத்தி வாசிப்பதற்கு அவ்வுயரம் உதவாது. ஆதலால் கழுத்தின் தலைப்பிலிருந்த எலும்புத் தாங்கியை அராவித் தந்திகளைத் தாழ்த்தினேன். சுரம் பிசகாதிருக்க மறுமுனைத் தாங்கியைச் சற்றுச் சரித்துப் பொருத்தினேன். (கழுத்து சதுரமாயிருப்பின் கை பற்றியிராது, நல்லகாலம்.)

அன்று மாலை அம்மப்பா தம் உருக்குத் துண்டுடன் வந்தமர்ந்தார். அது மெட்டுகளில் இடறிக் கறகறத்தது. “பரவாயில்லை, நீ வாசி” என்றார். தாங்கியை அராவாது கழற்றி வைத்து, வேறொன்றைப் பொருத்தியிருந்தால் மீண்டும் மாற்றியிருக்கலாம். எலும்புத்தூளை நானே கூட்டித் தள்ளியிருந்தேன்.