கையொப்பமிடாத மனு

சென்ற ஞாயிறன்று எங்கள் பகுதிக் குடியிருப்போர் கூட்டத்திற்குச் சென்றிருந்தேன். அண்டையிலுள்ள காலிமனையில் நடுத்தர வருவாயினர்க்கு அடுக்குவீடுகள் கட்டப் போகிறார்களாம். அதனை எதிர்த்து ஒரு மனு. "காவிரித் தண்ணீர் நமக்கே போதவில்லை, அவர்களும் வந்தால்?" என்றார் எதிர்வீட்டுக்காரர். அவ்வச்சம் பொய்யன்று. லாரித் தண்ணீருக்கு நானும் காசு கொடுத்து வருகிறேன். மனு கைக்கு வந்ததும் பேனாவைத் திறந்துவிட்டேன்.

அப்போது ஈஜிபுரா நினைவிற்கு வந்தது. 2013 ஜனவரியில் அங்கிருந்த ஏழையர் குடியிருப்பு இடிக்கப்பட்டு, சுமார் 1,500 குடும்பங்கள் வீடிழந்தன. அவர்களுள் நம்மவர் பலர். அம்மாநகராட்சி நிலத்தில் பாதி வணிக வளாகத்திற்கென்று ஏற்பாடு. நடைபாதையில் தார்ப்பாயின்கீழ் ஆண்டுக்கணக்கில் கிடந்தோரும் உண்டு. எங்கள் வீட்டில் பாத்திரம் துலக்கும் அம்மாள் அவர்களில் ஒருவர்.

மேலும், அத்திட்டத்தில் வீடு பெறுவோர் யார்? என் போன்ற சம்பளக்காரரே. ரயில்வே குமாஸ்தா என்றறிந்து முகந்திருப்பிய வீட்டுக்காரர்கள் எத்தனை பேர்! 'அவர்கள்' என்ற சொல்லில் நானும் அடக்கமன்றோ?

பேனாவை மூடினேன். எதிர்வீட்டார் அன்று முதல் என்னோடு பேசுவதில்லை. புது வீடுகளுக்கும் சேர்த்துத் தண்ணீர் வேண்டிக் குடிநீர் வாரியத்திற்கு வேறொரு மனு எழுதி வருகிறேன். அதில் இதுவரை இரண்டு கையொப்பங்கள். ஒன்று என் மனைவியுடையது.