தங்கமலையில் ஒரு சித்திரைப் பகல்

சித்திரை பிறக்கப் போகிறதென்று பதுளையிலே முதலிற் சேதி சொல்வது குயில்தான். பலகாரச் சட்டி அடுப்பேறுவதற்கு முன்பே அது கூவத் தொடங்கிவிடும். தமிழரும் சிங்களவரும் ஒரே வேளையிற் புத்தாண்டு கொண்டாடும் இந்நாட்டில், குயிலின் குரலும் முள்முருக்கின் செம்பூவும் இரு சாராருக்கும் பொதுவான பஞ்சாங்கம் எனலாம்.

அத்தகைய புத்தாண்டு விடுமுறை ஒன்றில், எம் பிள்ளைகள் இருவரும் காடு பார்க்க வேண்டுமென்று பிடிவாதம் செய்தனர். ஆகவே அப்புத்தளைக்கு அண்மையிலுள்ள தங்கமலைக்குச் செல்வதென முடிவு செய்தோம். நாற்பதாண்டு கொழுந்துக் கூடை சுமந்த எம் தாயாரும், "நானும் வாரேன்" என்று புறப்பட்டுவிட்டார். புளிச்சோற்றையும் சம்பலையும் பொதிசெய்து, சாயத்தண்ணியைப் போத்தலில் நிரப்பிக்கொண்டு, வாடகை வானில் விடியுமுன் கிளம்பினோம்.

பதுளையிலிருந்து ஹாலிஎல, தெமோதரை, பண்டாரவளை வழியாக அப்புத்தளை சுமார் 40 கிலோமீற்றர். 2,036 மீற்றர் உயர்ந்த நமுனுகுல மலை இன்னும் பனிப் போர்வையை நீக்கவில்லை. தேயிலைக்கு நிழல் தரவும் தழையுரம் தரவும் நட்ட முள்முருக்கு மரங்களை ஆண்டுதோறும் வெட்டிவிடுவதால் அவை பூப்பது அரிது. கத்திக்குத் தப்பிய சில மரங்கள் மட்டும் இலையுதிர்த்துச் செந்தழல் போல் பூத்து நின்றன. அவற்றில் மைனாக்களும் கிளிகளும் தேனுக்காகச் சச்சரவிட்டன. வீதியோரத்து நீரோடையில் ஒரு வாலாட்டிக் குருவி ஓடியோடி வாலை அசைத்தது. அது குளிர்காலத்தைக் கழிக்க வடக்கேயிருந்து கடல் கடந்து வரும் விருந்தாளி; சித்திரையோடு விடைபெற்றுவிடும். "திரும்பிப் போக அதற்கு வழி தெரியுமா?" என்று இளையவள் கேட்டாள். "வந்த வழி தெரியாமலா போகும்?" என்றார் தாயார்.

அப்புத்தளையிலே, சேர் தோமஸ் வில்லியர்ஸ் என்ற ஆங்கிலேயர் 1931ஆம் ஆண்டிற் கட்டிய அடிஷாம் பங்களா, இன்று பெனடிக்ற் சபைத் துறவியரின் மடமாக விளங்குகிறது. அதனை அடுத்துத்தான் தங்கமலைக் காடு. 1938ஆம் ஆண்டிற் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இதன் பரப்பு ஏறத்தாழ 131 ஹெக்டேயர்; பெரிய தேயிலைத் தோட்டமொன்றின் அளவுகூட இல்லை. ஆயினும், கோப்பியும் தேயிலையும் வருமுன் இம்மலைகள் எவ்வாறிருந்தன என்பதை அறிய, இத்தகைய துண்டுகளே நமக்கு எஞ்சியுள்ளன.

உள்ளே காலடி வைத்ததும் குளிர் தழுவிக்கொண்டது. மரங்களிற் பாசி தாடிபோல் தொங்கிற்று. சிறிது தூரம் சென்றதும், தலைக்கு மேலே கரகரவென்று ஓர் உறுமல்! பிள்ளைகள் எம்மைப் பற்றிக்கொண்டனர். அண்ணாந்து பார்த்தால், கரிய முகத்தை வெண்தாடி சூழ, நீண்ட வாலைத் தொங்கவிட்டபடி ஒரு மந்தி எம்மை ஆராய்ந்துகொண்டிருந்தது. மலைக்குளிரைத் தாங்க அடர்ந்த உரோமம் பெற்ற இதனைக் கரடிக் குரங்கு என்றும் சொல்வர். இத்தீவையன்றி உலகில் வேறெங்கும் இவ்வினம் இல்லை. காதோரம் மஞ்சள் தீற்றிய கொண்டைக்குருவிகள் சில, பழம் தேடிக் கிளைக்குக் கிளை தாவின. அவையும் இம்மண்ணுக்கே உரியன. "இதை மலையிலே தினமும் பார்த்திருக்கேன். இவ்வளவு பெருமை உள்ளதுன்னு யாரும் சொல்லலையே!" என்று தாயார் வியந்தார்.

திரும்பும் வழியில், தோட்டமொன்றின் காட்டோர ஒற்றையடிப் பாதையில் நடந்தபோது மூத்தவன் சட்டென்று நின்றான். தேயிலைச் செடியின் தூரிற் கட்டிய கம்பியொன்று, வட்டமாகச் சுருக்கிடப்பட்டு, புல்லுக்குள் மறைந்திருந்தது. தாயார் அதனைக் கண்டதும் முகம் வாடினார்.

"இது பன்றிக்கு வைச்சது. உங்க தாத்தாவும் ஒரு காலத்திலே வைச்சவர்தான். லயத்திலே மாமிசம் பார்ப்பதே அரிது; போட்ட மரவள்ளியையும் பன்றி தோண்டிவிடும். ஒருநாள் விடியக் காலை போனார். சுருக்கிலே கிடந்தது சினையாயிருந்த மான். அன்றைக்கே கம்பியை ஆற்றில் எறிந்தவர், பிறகு தொடவேயில்லை."

பிள்ளைகள் வாய்திறக்கவில்லை. தாத்தா தவறு செய்தார் என்பதையும், அதனை விட்டார் என்பதையும் அவர்கள் ஒரே மூச்சிற் கேட்டனர்.

சுருக்குக் கம்பிக்குப் பன்றியென்றும் சிறுத்தையென்றும் தெரியாது. 2020ஆம் ஆண்டு மே மாதம், லக்சபானப் பகுதித் தோட்டத்தில் அரிய கருஞ்சிறுத்தை ஒன்று இத்தகைய கம்பியிற் சிக்கியது, மீட்டும் பிழைக்கவில்லை. இலங்கைச் சிறுத்தை வேறெங்கும் காணவியலாத கிளையினம். சிக்கி உயிரோடு துடிக்கும் சிறுத்தை, அவ்வழியே கொழுந்தெடுக்கச் செல்லும் பெண்களுக்கும் பேராபத்தன்றோ? பன்றியால் பயிரிழப்பவரின் துயர் மெய்யே. அதற்கு வேலியும் காவலும் வேண்டும். கண்ணில்லாத கம்பி அதற்கு மருந்தாகாது.

சுருக்கு வெறுமையாயிருந்தது நற்பேறு. அதனை அவிழ்த்துச் சுருட்டி எடுத்துக்கொண்டோம். வனசீவராசிகள் அலுவலகத்தில் ஒப்படைத்து, இடத்தையும் சொல்லி வந்தோம்.

வானை நோக்கி நடக்கையில் அந்தி சாய்ந்தது. புதருக்குள்ளிருந்து இரட்டைச் சீழ்க்கை ஒன்று எழுந்தது. ஆறுமணிக்குருவி! இந்தியாவிலிருந்து வந்து, சித்திரை வைகாசியில் மீளும் அழகிய பறவை. மூத்தவன் கைக்கடிகாரத்தைப் பார்த்து, "சரியாக ஆறு!" என்றான். "நம்மைவிட அது நேரம் தவறாது," என்றார் தாயார்.

நேயர்களே, அடுத்த விடுமுறையில் நீங்களும் பிள்ளைகளுடன் ஒரு காட்டுக்குச் சென்று வாருங்கள். வீட்டு முதியோரையும் அழைத்துச் செல்லுங்கள். பறவைகளின் பெயரைப் புத்தகம் சொல்லும். அவற்றோடு நாம் வாழ்ந்த கதையை அவர்கள்தாம் சொல்லவல்லர்.