ஜி. பி. ரோட்டில் ஒரு சனிக்கிழமை

பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமானால் தாயார் முதலில் போகிற இடம் தியாகராய நகர். பிள்ளை முதல் கார் வாங்கினால் அவன் முதலில் போகிற இடம் ஜி. பி. ரோடு. இரண்டு இடத்திலும் கூட்டம், பளபளப்பு, வா வா என்று கூப்பிடும் குரல்கள். இரண்டு இடத்திலும் நினைத்துப் போவது ஒன்று, வாங்கி வருவது வேறு. ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. தி. நகரில் பிடிக்காத புடவையை வாங்கிவிட்டால் நாத்தனாருக்குக் கொடுத்துத் தப்பித்துக்கொள்ளலாம். ஜி. பி. ரோட்டில் தவறாக வாங்கியதை மாட்டிக்கொண்டு, குடும்பத்தையும் ஏற்றிக்கொண்டு, திருப்பதிக்குப் போக வேண்டியிருக்கும்!

என் அக்கா மகன் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகிறது. சிறிய கார் ஒன்றைக் கைமாற்றாக வாங்கியிருக்கிறான். அதை "அலங்காரம்" செய்ய நாற்பதாயிரம் ரூபாய் சேர்த்து வைத்திருந்தான்.

"அவன் காசு, அவன் வண்டி. நான் சொன்னால் கேட்க மாட்டான். பின் ஸீட்டில் உட்காரப் போகிறவள் நான்தானே! நீ கூடப் போய்விட்டு வா" என்றாள் அக்கா.

போனேன். நீங்களும் கூட வாருங்கள்.

அண்ணா சாலையில், சாந்தி தியேட்டர் இருந்த இடத்துக்கு அருகில், ராயப்பேட்டைப் பக்கம் பிரிகிறது ஜெனரல் பாட்டர்ஸ் ரோடு. முழுப் பெயரைச் சொல்ல யாருக்கும் பொறுமை கிடையாது, ஜி. பி. ரோடு என்றால்தான் ஆட்டோக்காரருக்கே புரியும். மோட்டாருக்கும் இந்த வட்டாரத்துக்கும் உறவு பழையது. 1840-இல் தொடங்கி, குதிரைக் கோச்சு கட்டிப் பேர் வாங்கிய ஸிம்ப்ஸன் கம்பெனி இதே அண்ணா சாலையில்தான் இருக்கிறது. 1903-இல் அங்கே ஸாமுவேல் ஜான் கிரீன் என்பவர் ஒரு நீராவிக் காரையே கட்டிச் சென்னைத் தெருவில் ஓட்டிக் காட்டினார்.

ஜி. பி. ரோட்டில் கால் வைத்தால் இரு பக்கமும் கடைகள். ஸீட் உறைகள் ஒரு பக்கம், சக்கரங்கள் ஒரு பக்கம், மாலை போலத் தொங்கும் விளக்குகள் ஒரு பக்கம். கார் மெதுவாகப் போனாலே பையன்கள் ஜன்னலருகில் வந்து, "சார், என்ன வேணும் சார்? மியூஸிக் ஸிஸ்டமா, ஸீட் கவரா?" என்று கூடவே நடக்கிறார்கள்.

அக்கா மகன் சட்டைப் பையிலிருந்து ஒரு பட்டியலை எடுத்தான். கறுப்புக் கண்ணாடி, பல ஸ்வரம் பாடும் ஹாரன், பெரிய சக்கரம், அதிக வாட் விளக்கு, முன்னால் இரும்புக் கம்பித் தடுப்பு, ஸ்பிரிங்கை வெட்டி வண்டியைத் தாழ்த்துவது. ஆறு விஷயங்கள்.

"ஏண்டா, இதில் ஒன்றாவது வண்டி நிற்பதற்கு உதவுமா?" என்று கேட்டேன்.

"நிற்கிறதுக்கு பிரேக் இருக்கே, சித்தி!" என்றான். இருபத்து மூன்று வயது!

முதலில் சட்டத்தைப் பார்த்துவிடுவோம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவின்படி, பதிவுப் புத்தகத்தில் உள்ள விவரத்துக்கும் வண்டிக்கும் வேற்றுமை வரும்படி மாற்றம் செய்யக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். வண்டியின் நிறத்தை மாற்றினால்கூட ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும்.

கண்ணாடியில் கறுப்புப் படலம் ஒட்டுவதை 2012-இல் உச்ச நீதிமன்றம் தடை செய்தது. முன், பின் கண்ணாடிகளில் 70 சதவீதமும், பக்கக் கண்ணாடிகளில் 50 சதவீதமும் வெளிச்சம் ஊடுருவ வேண்டும் என்பது விதி. வெயிலுக்குப் பயந்தால், வண்டியை நிறுத்தி வைக்கும்போது முன் கண்ணாடிக்கு மடிப்புத் தட்டி ஒன்று வைத்தால் போதும். பல ஸ்வர ஹாரனும் விதிக்கு விரோதம். சங்கீதத்தைச் சபாக்களுக்கு விட்டுவிடுவோம்!

அடுத்தது விளக்கு. இங்கே என் சொந்தக் கதையைச் சொல்ல வேண்டும்.

பத்து வருஷங்களுக்கு முன் நானும் ஒரு முதல் கார் வாங்கினேன். நானும் ஒரு கடைக்குப் போனேன். கம்பெனி வைத்திருந்த 60 வாட் பல்பைக் கழற்றிவிட்டு 100 வாட் பல்பு போட்டேன். ராத்திரி பகல் மாதிரி இருந்தது. பெருமை தாங்கவில்லை. அம்மாவை அழைத்துக்கொண்டு திண்டிவனத்திலிருந்து திரும்பும் வழியில், ரப்பர் கருகும் வாசனை வந்தது. "ஏதோ அடுப்பில் பிடிக்கிறது" என்றாள் அம்மா. அடுத்த நிமிஷம் இரண்டு விளக்கும் அணைந்தன. நெடுஞ்சாலை, இருட்டு, பின்னால் லாரி. எப்படி ஓரம் கட்டினேன் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. அம்மா என் முழங்கையைப் பிடித்த பிடி மட்டும் நினைவிருக்கிறது.

காரணம் எளிய கணக்குதான். 12 வோல்ட்டில் 60 வாட் விளக்குக்கு 5 ஆம்பியர் மின்சாரம் போதும். 100 வாட்டுக்கு 8 ஆம்பியருக்கு மேல் ஓட வேண்டும். ஒயர் பழைய ஒயர்தானே? அது சூடாகி, மேலுறை உருகி, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது. அந்தக் கடைக்காரரைக் குற்றம் சொல்ல மாட்டேன். கேட்டது நான். எதிரே வருகிறவர் கண்ணைக் கூச வைத்ததும் நான்தான்.

கதையைக் கேட்ட பிள்ளை பட்டியலில் விளக்கை அடித்தான். பேசவில்லை.

இரும்புக் கம்பித் தடுப்பை ஒரு கடைக்காரரே தடுத்தார். வயதானவர். "தம்பி, உங்க வண்டியிலே காற்றுப் பை இருக்கா? அப்போ இது வேண்டாம். மோதினா முன்பக்கம் நசுங்கணும். அது நசுங்கித்தான் உள்ளே இருக்கிறவங்க மேலே வேகத்தைக் குறைக்குது. கம்பி போட்டா அந்தக் கணக்கே மாறிடும்" என்றார். விற்கவேண்டியவர் விற்காமல் சொன்ன வார்த்தை! நடந்து போகிறவர்களுக்கும் இந்தக் கம்பி அபாயம் என்பதால், 2017 டிசம்பரில் மத்திய அரசு இதன் மேல் நடவடிக்கை எடுக்கும்படி மாநிலங்களுக்கு எழுதியது.

காற்றுப் பை என்றதும் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. புதுக் காருக்கு நாம் செய்கிற முதல் காரியம், முன் பலகையில் ஒரு பிள்ளையாரை ஒட்டுவது. இடது பக்கம் அந்தப் பலகைக்குள்தான் காற்றுப் பை மடிந்து கிடக்கிறது. கண் சிமிட்டும் நேரத்துக்குள் மூடியைப் பிளந்துகொண்டு வெளியே வரும். அதன் மேல் கனமான எதுவும் இருந்தால் எதிரே இருப்பவர் முகத்தில்தான் வந்து விழும். பிள்ளையாரைக் கியருக்கு அருகில் தாழ்வான இடத்தில் உட்கார வையுங்கள். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். ஸீட்டின் ஓரத்தில் காற்றுப் பை உள்ள வண்டியானால், அதற்கென்று தையல் விட்ட உறையையே கேட்டு வாங்குங்கள். காலடி விரிப்பின் மேல் இன்னொரு விரிப்பைப் போடாதீர்கள். அது நகர்ந்து பிரேக் மிதிக்கு அடியில் மாட்டிக்கொள்ளும். பெல்ட் போடாமலே மணியை நிறுத்தும் போலிக் கொக்கி விற்றால், வாங்கவே வாங்காதீர்கள்.

சக்கரத்தை மாற்றலாமா? கணக்குத் தெரிந்தால் மாற்றலாம். 165/80 R14 என்ற டயரின் மொத்த விட்டம் சுமார் 620 மில்லி மீட்டர். 185/65 R15 என்ற டயருக்குச் சுமார் 622. இரண்டும் ஏறக்குறைய ஒன்று; ஆகவே வேகமானி பொய் சொல்லாது. விட்டம் ஐந்து சதவீதம் கூடினால், முள் 60 காட்டும்போது வண்டி 63-இல் போகும். உங்கள் மாடலின் உயர்ந்த ரகத்துக்குக் கம்பெனியே என்ன அளவு கொடுக்கிறது என்று பாருங்கள்; அதைத் தாண்ட வேண்டாம். ஸ்பிரிங்கை வெட்டுவது பற்றிச் சொல்லவே வேண்டாம். நம் ஊர் வேகத்தடைகளைப் பார்த்த எவரும் வண்டியைத் தாழ்த்த ஆசைப்பட மாட்டார்கள்.

சக்கரம் பார்க்கப் போன இடத்தில்தான் உண்மை வெளிப்பட்டது. அந்தப் பெரியவர் குனிந்து டயரின் பக்கவாட்டைத் துடைத்துக் காட்டினார். நான்கு இலக்கங்கள்: 2317. அதாவது 2017-ஆம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்தது. பள்ளங்களும் தேய்ந்து, 1.6 மில்லி மீட்டர் எல்லைக்கு இறங்கியிருந்தன. பிரேக் எண்ணெய் காப்பி டிகாக்ஷன் நிறத்தில் இருந்தது. அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். சுமார் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும்.

"இதிலேதான் அம்மாவைத் திருப்பதிக்குக் கூட்டிட்டுப் போறதா இருந்தேன்" என்றான் பிள்ளை, தனக்குத் தானே சொல்லிக்கொள்வது போல.

மிச்சத் தேவைக்குக் கூவத்தைத் தாண்டிப் புதுப்பேட்டைக்குப் போனோம். பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் பேட்டை அது. கதவுகள் அப்பளக் கட்டுப் போல அடுக்கியிருக்கின்றன. உடைந்திருந்த கதவுக் கைப்பிடி ஒன்று பேரம் பேசி வாங்கினோம். இம்மாதிரிச் சாமான் இங்கே வாங்கலாம். ஆனால் பிரேக், ஸ்டியரிங், ஸீட் பெல்ட், காற்றுப் பை ஆகிய நான்கையும் பழையதாக எங்கேயும் வாங்காதீர்கள். எதை வாங்கினாலும் பில் கேளுங்கள். வண்டியில் புதிதாக எதைப் பொருத்தினாலும் இன்ஷ்யூரன்ஸ் கம்பெனிக்கு எழுதித் தெரிவித்துவிடுங்கள். ஒயரை வெட்டி ஒட்டுகிறேன் என்றால் எழுந்து வந்துவிடுங்கள்; வெட்டாமல் சொருகும் இணைப்பு கிடைக்கிறது.

நான்கு புது டயர், பிரேக் பாட், எண்ணெய், வைப்பர், பின்னால் பார்க்க ஒரு காமிரா. பணத்தில் பெரும் பகுதி தீர்ந்தது. மீதியில் அவன் ஆசைக்கு நல்ல ஒலிபெருக்கி இரண்டு. வயசுப் பிள்ளைக்கு அதுவும் இல்லாவிட்டால் எப்படி?

சாயங்காலம் அக்கா வாசலுக்கு வந்து வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"அவ்வளவு பணம் செலவழித்தாயே, ஒன்றுமே தெரியவில்லையேடா?"

"பார்த்தா தெரியாதும்மா. மழையிலே பிரேக் போட்டாத்தான் தெரியும்" என்றான்.

அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு பின் கதவைத் திறக்கப் போனவள், சற்று யோசித்து, முன் கதவைத் திறந்து உட்கார்ந்து பெல்ட்டை இழுத்து மாட்டிக்கொண்டாள்.