எழவுக் காசும் கிராஃபிக்ஸ் கார்டும்

கம்ப்யூட்டரைப் பற்றி எழுத எனக்குத் தகுதி கிடையாது. தமிழ் எம்.ஏ. படித்தவள். கட்டுரையை இன்னமும் கையால் எழுதித்தான் டைப்புக்குக் கொடுக்கிறேன். அப்படிப்பட்ட நான் 2024 ஜூன் மாதத்தில் ஒருநாள் முழுக்க சென்னை ரிச்சி தெருவில் கிராஃபிக்ஸ் கார்டு தேடி அலைந்தேன், அக்கா மகனுக்காக. அந்த நாளை எழுதாமல் வேறெதையும் எழுத ஓடவில்லை.

பி.சி.ஏ. படிக்கிறான். கேம் விளையாடுகிற மாதிரி ஒரு மெஷின் அசெம்பிள் பண்ண வேண்டுமென்று ஒண்ணரை வருஷமாகச் சாமான் சேர்த்துக்கொண்டிருந்தான். கேபினெட் வந்தது. எவனோ பழசென்று விற்ற பி450 மதர்போர்டு வந்தது. ரைசன் 5 5600 பிராசசர் வந்தது, அதுவும் பழசு. ஒருநாள் எல்லாத்தையும் மாட்டி சுவிட்சைப் போட்டான். ஃபேன் சுத்துது, லைட் எரியுது, டிவிப் பெட்டியில் படம் வரல. அக்கா பயந்துபோய், "ஷாக் அடிச்சிடுச்சாடா?" என்றாள். அந்தப் பிராசசருக்குள் படம் காட்டுகிற உறுப்பே கிடையாதாம். பேருக்குப் பின்னால் 'ஜி' என்று ஓர் எழுத்து இருந்தால்தான் உண்டாம். தெரிந்தேதான் வாங்கியிருக்கிறான், விலை குறைவென்று. தனியாகக் கார்டு போட்டால்தான் கண் திறக்கும். நாலு மாசம் அது மூலையில் குருடாகக் கிடந்தது. அக்கா அதன் மேல் துணி மடித்து வைத்தாள்.

"படிப்புக்கு வேணும்னு சொல்லித்தான சின்னம்மாகிட்ட கேட்டிருக்க?" என்று ரயிலில் அவனை மடக்கினேன். "இல்ல சின்னம்மா. விளையாடத்தான். அப்புறம் பிளெண்டர் கத்துக்கணும், கேம் செய்யணும். ஆனா மொதல்ல விளையாடணும்" என்றான். எனக்குச் சுருக்கென்றது. எங்கள் பிள்ளைகள் ஒரு செருப்பு வாங்கினாலும் அதற்குப் படிப்பைச் சாட்சிக்குக் கூப்பிட வேண்டியிருக்கிறது. ஊர்த்தெருப் பையன் புல்லட் வாங்கினால் எதுக்கென்று யாரும் கேட்பதில்லை. விளையாட என்று ஒருத்தன் வாய்விட்டுச் சொன்னதை அன்றைக்குத்தான் எங்கள் வீட்டில் கேட்டேன்.

திண்டிவனத்தில் ரயிலேறி எழும்பூரில் இறங்கி நடந்தோம். வழியெல்லாம் எனக்குப் பாடம் நடத்தினான். புரியவில்லை என்றதும் கொஞ்சநேரம் யோசித்துவிட்டு நடவைச் சொன்னான். "பிராசசர்னா மேஸ்திரி மாதிரி. ஆறு பேர்தான், ஆனா எந்த வேலையும் செய்வான். கார்டுன்றது நடவாளுங்க. ஆயிரக்கணக்குல வரிசையா நின்னு ஒரே வேலைய ஒரே நேரத்துல நடுவாங்க. ஸ்கிரீன்ல இருக்கற ஒவ்வொரு புள்ளியும் ஒரு முதல். புரியுதா?" புரிந்தது. பன்னிரண்டு வயதிலிருந்து அம்மாவோடு நட்டவள் நான். "அப்ப அந்த ஜிபி ஜிபின்றியே?" "அது கழனியில கொண்டாந்து போட்ட நாத்துக் கட்டு. கட்டு தீந்துட்டா நாத்தங்காலுக்கு ஓடணும். அதுவரைக்கும் அத்தன பேரும் சும்மா நிக்கணும். கேம் அப்பதான் சிக்கும்." "பிட்டுன்றது?" "வரப்பு. எத்தன பேரு நாத்து தூக்கிக்கினு ஒரே நேரத்துல நடக்கலாம்ன்றது."

நடவுக்குப் போகாத வாத்தியார் யாராவது இப்படிச் சொல்லித் தந்திருப்பாரா என்று நினைத்துக்கொண்டேன்.

ரிச்சி தெருவைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். மவுண்ட் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பினால் ஆள் இடிக்காமல் நடக்க முடியாது. மாடிப்படி ஒவ்வொன்றிலும் கடை. முதல் கடையில் ஆர்.எக்ஸ். 6500 எக்ஸ்.டி. என்று ஒன்றைக் காட்டி, "பட்ஜெட்டுக்கு இதான் தம்பி" என்றார்கள். பையன் வேண்டாமென்றான். அந்தக் கார்டுக்கு மதர்போர்டோடு பேச நாலே நாலு வழிதான் வைத்திருக்கிறானாம் ஏ.எம்.டி. புது போர்டில் சமாளிக்கும். இவனிடம் இருக்கிற பழைய போர்டில் ஒவ்வொரு வழியும் பாதி வேகம். நாத்தும் நாலு ஜிபிதான். "இல்லாதவன் பழைய போர்டுதான் வச்சிருப்பான். இல்லாதவனுக்குன்னு செஞ்ச கார்டு அவன்கிட்டதான் ஓடாது" என்று சிரித்தான். இதை நான் எந்த அரசியல் வகுப்பிலும் இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை.

மாடியில் ஒரு கடையில் பழைய கார்டுகள் அடுக்கியிருந்தன. விலை கேட்டால் ஆசை வரும். 2021இல் கிரிப்டோ காசு தோண்டுகிறவர்கள் உலகம் முழுக்கக் கார்டுகளை அள்ளிக்கொண்டு போனதில் விலை எங்கேயோ ஏறிக் கிடந்தது. 2022 செப்டம்பரில் எத்தேரியம் தன் முறையை மாற்றிக்கொண்டதும் அந்த வேலை நின்றுபோய், ராப்பகலாக ஓடிய கார்டுகளெல்லாம் சந்தைக்கு வந்தன. "தொடச்சி வச்சிருப்பான் சின்னம்மா, செக்குமாடு மாதிரி. வெளிய பளபளன்னு இருக்கும், எப்ப படுக்கும்னு தெரியாது" என்றான். அவனிடம் இரண்டாவது கார்டு வாங்கக் காசு கிடையாது. பழசு வேண்டாமென்று முடிவாயிற்று.

மிச்சம் இரண்டு. ஏ.எம்.டி. ஆர்.எக்ஸ். 6600, இருபதாயிரத்தை ஒட்டி. 132 வாட்தான் இழுக்கும். எங்கள் காலனி ஊர் லைனில் கடைசிக் கம்பம். ராத்திரி ஊரே மோட்டார் போட்டால் எங்கள் ட்யூப்லைட் மினுக்கும். அதனால் வாட் குறைவு என்றதும் அதையே எடுத்துக்கொள்ளேன் என்றேன். விளையாட மட்டுமென்றால் அது போதும் என்று அவனும் ஒப்புக்கொண்டான். ஆனால் 8 ஜிபி. அடுத்தது என்விடியா ஆர்.டி.எக்ஸ். 3060. 2021 பிப்ரவரியில் வந்தது, 170 வாட், 12 ஜிபி. வேகத்தில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசமில்லையாம். பிளெண்டரில் படம் வார்க்க என்விடியாதான் தோது. 2007இலிருந்தே அவன் கூடா என்று தனக்கொரு பாதை போட்டு எல்லோரையும் அதிலேயே பழக்கிவிட்டான். பெரிய உருவங்களைப் போடுகிறபோது நாத்து தீராமலிருக்க 12 வேண்டும். விளையாட மட்டுமல்ல, செய்யவும் வேண்டுமென்றால் 3060. எஸ்.எம்.பி.எஸ். 550 வாட்டில் நல்லதாக முன்பே போட்டிருந்தான், சாப்பாட்டைக் குறைத்து.

நாலாவது கடை. கண்ணாடிக் கதவு, ஏ.சி. முதலாளி மாதிரி ஒருத்தர் உட்கார்ந்திருந்தார். பையனின் செருப்பைப் பார்த்தார், என் ஜோல்னாப் பையைப் பார்த்தார். "எந்த ஊரு?" திண்டிவனம் பக்கம் என்றேன். "பக்கம்னா?" சொன்னேன். "படிக்கிற பையனுக்கு இதெல்லாம் எதுக்கும்மா? கவர்மெண்டு லேப்டாப் குடுக்கலயா?" 2011இல் தொடங்கிய அந்த இலவச லேப்டாப் திட்டத்தில் எங்கள் தெருவுக்குள் முதன்முதலாக கம்ப்யூட்டர் வந்தது. அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நமக்கு அதோடு போதும் என்று இவருக்கு யார் சொன்னது? வாய்வரைக்கும் வந்தது. பையன் என் கையை அழுத்தினான்.

"3060 வேணும்." கடைப் பையன் ஒரு டப்பாவைக் கொண்டுவந்து வைத்தான். "இருபத்தஞ்சாயிரத்து எட்டு நூறு. பில்லு வேணாம்னா கொறச்சிக்கலாம்." அக்கா மகன் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு மெதுவாக, "சார், இது எட்டு ஜிபி" என்றான்.

"3060தான தம்பி கேட்ட? இது 3060தான். ரெண்டும் ஒண்ணுதான்."

"ஒண்ணு இல்ல சார். பேருதான் ஒண்ணு. இதுல வரப்பு... இதுல 128 பிட்டு. பன்னண்டு ஜிபில 192. பன்னண்டோட வெலைய இதுக்குச் சொல்றீங்க."

கடையில் நின்றிருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். முதலாளி இவனை இப்போதுதான் பார்ப்பதுபோல் பார்த்தார். அதே பேரில் மட்டமான சரக்கைப் பின்னால் விட்டது என்விடியா கம்பெனி. அதை அறியாதவன் தலையில் கட்டுவது இந்தக் கடை. எழுதியிருக்கிறது, டப்பாவிலேயே எழுதியிருக்கிறது. படிக்கத் தெரிந்தவன் வருவான் என்று எதிர்பார்க்கவில்லை, அவ்வளவுதான். உள்ளேயிருந்து இன்னொரு டப்பா வந்தது, அதே விலைக்கு. பில் போடச் சொன்னோம். பில் இல்லாவிட்டால் மூணு வருஷ வாரண்டிக்கு எவனைப் போய்க் கேட்பது?

பையன் பேன்ட் பையிலிருந்து ஒரு துணிச் சுருக்கை எடுத்தான். இருபத்து மூவாயிரத்து ஐநூறு. ஐநூறு, நூறு, பிறகு ஒரு கத்தை ஐம்பதும் பத்தும். கடைக்காரர் எண்ணிக்கொண்டே வந்தவர் ஒரு பத்து ரூபாயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். "என்ன தம்பி, நோட்டெல்லாம் ஓட்ட ஓட்டையா இருக்கு?"

குண்டூசி ஓட்டை. எனக்குத் தெரியும். எங்கப்பா சாவுக்கு அடித்துவிட்டு வந்து சட்டையிலிருந்து ஊசி பிடுங்கி எண்ணுகிற நோட்டு அப்படித்தான் இருக்கும். அம்மா அதைச் சாமிப் படத்தண்டை வைக்க விடமாட்டாள். மிச்சம் இரண்டாயிரத்து முன்னூறை நான் போட்டேன். கை நடுங்கியது. தெருவுக்கு வரும்வரை பேசவில்லை.

வாசகர்களுக்கு ஒன்று சொல்லிவிட வேண்டும். 2010இல் எங்கள் காலனி கூடி, ஊருக்குச் சாவு மேளம் அடிப்பதில்லை என்று முடிவெடுத்தது. துண்டறிக்கையை எழுதியவள் நான். அம்பேத்கர் 1928இல் பம்பாய் சட்டசபையில் மகர் வதன் முறைக்கெதிராக மசோதா கொண்டுவந்ததை அதில் எழுதினேன். பரம்பரை வேலை, பிச்சைக் கூலி என்று எழுதினேன். ஊரார் நாலு மாசம் கழனி வேலைக்குக் கூப்பிடவில்லை. அப்பா பறையை மேலே மாட்டினார். அதன் தோலை எலி தின்றது. அவர் என்னோடு சரியாகப் பேசவே இல்லை, போகும்வரைக்கும்.

திரும்பும் ரயிலில் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டிருந்தான். "எவ்வளவு நாளா?" என்றேன்.

"ஒண்ணரை வருஷம். நம்ம ஊர்ல அடிக்கல சின்னம்மா. டவுன்ல ஒரு செட்டு. ரேட்டு பேசிட்டுதான் போவோம். எட்டு நூறு, ஆயிரம். வேன்ல கூட்டினு போய் வேன்ல உட்றாங்க."

"எழவுக்குத்தானடா?"

"எழவுக்குத்தான்." கொஞ்ச நேரம் ஜன்னல் பக்கம் பார்த்தான். "நீ காலேஜ்ல பறை கத்துக்கினு மேடையில அடிச்சிய, போட்டோ மாட்டி வச்சிருக்க. மேடையில அடிச்சா கலை, ரோட்டுல அடிச்சா இழிவா? உனக்கு யாராவது ஆயிரம் ரூபா குடுத்தாங்களா?"

பதில் என்னிடம் இருந்தது. இஷ்டப்பட்டு அடிப்பது வேறு, பிறப்பால் அடிக்க வைப்பது வேறு என்று எத்தனை கூட்டத்தில் பேசியிருக்கிறேன். சொன்னேன். "நானும் இஷ்டப்பட்டுதான் அடிக்கிறேன்" என்றான். செட்டில் எத்தனை பேர் நம்ம ஆளுங்க என்று கேட்டேன். "எல்லாரும்தான்" என்று சொல்லிவிட்டு அவனே தலை குனிந்துகொண்டான். செங்கல்பட்டு தாண்டும்வரை இருவரும் பேசவில்லை. சாவு வீட்டில் குடித்தவன் எவனாவது தொடையில் தட்டி ஆடச் சொல்லுவானா, நோட்டைக் குத்தும்போது ஊசி நெஞ்சில் ஏறுமா என்றெல்லாம் கேட்க நினைத்தேன். அப்பாவுக்கு ஏறியிருக்கிறது. கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் சாப்பிடாமல் மாட்டினான். 'டக்'கென்று உட்கார்ந்தது. எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து எட்டு முள் ஒயரைச் சொருகினான். திரை வெளுத்து, பிறகு எழுத்து வந்தது. தெருப் பிள்ளைகள் கத்தின கத்தில் கோழியெல்லாம் இறங்கி ஓடியது. அக்கா அழுதாள். "எவ்வளவு ஆச்சிடி?" என்றாள். அவளுக்குத் தெரிந்தால் அந்தப் பெட்டியைத் தூக்கி வெளியே போட்டுவிடுவாள். அப்பாவின் பின்னால் கள்ளுக்கடை வாசல்வரை ஓடி வளர்ந்தவள் அவள். "நான்தான் வாங்கிக் குடுத்தேன், விடு" என்றேன். பத்தில் ஒரு பங்குகூட என்னுடையதில்லை. அக்கா அன்றிலிருந்து தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாள், என் தங்கச்சி வாங்கிக் குடுத்தா என்று. கூட்டங்களில் என்னைப் பார்க்கிறவர்கள்கூடக் கேட்கிறார்கள். தலையாட்டுகிறேன்.

போன வாரம் போயிருந்தபோது ஏதோ ஒரு பாழடைந்த கோட்டையைப் பிளெண்டரில் எழுப்பிக்கொண்டிருந்தான். கல் ஒவ்வொன்றிலும் பாசி. நன்றாகத்தான் இருந்தது.

"கார்டு சும்மா கெடக்குது சின்னம்மா" என்றான். "இந்த டிவி அறுபது ஹெர்ட்ஸ்தான் காட்டும். நூத்தி நாப்பத்து நாலுல மானிட்டர் ஒண்ணு பாத்து வச்சிருக்கேன்."

"எவ்ளோ?"

சொன்னான். காசு எங்கே இருக்கிறதென்று நான் கேட்கவில்லை. உள்ளே அக்கா மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.